இலவசமாகப் பெற்றதும் இனிக் கொடுக்க வேண்டியதும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் 1973ஆம் ஆண்டு உயர்தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை வாசிப்பவர் ஒருவர்தான். ஆனால் எழுதியவர்கள் ஏழு பேர். 1973இல் இங்கே உயர்தர விஞ்ஞான வகுப்பில் இருபத்துமூன்று பேர் இருந்தோம். அவர்களில் தொலைபேசியில் ஒருவரையொருவர் பிடிக்கக்கூடிய ஏழு பேர் சேர்ந்து இதனை எழுதினோம். ஆகவே “நாங்கள்” என்று சொல்லும்போது அந்த ஏழு பேரையும், “நாம்” என்று சொல்லும்போது இந்த மண்டபத்தில் இருக்கும் அனைவரையும் குறிப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நூற்றாண்டு விழாவில் பழைய நினைவுகளைப் பேசுவது வழக்கம். மாமரத்தின் கீழ் நடந்த வகுப்பையும், விடுதிச் சாப்பாட்டையும், இல்ல விளையாட்டுப் போட்டியையும் பற்றி மலரில் வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். எங்களிடம் சங்கச் செயலாளர் கேட்டது வேறு. “உயர்கல்வி பற்றி ஏதாவது பேசுங்கள், பிள்ளைகளுக்குப் பயன்படும்” என்றார். பேச ஒப்புக்கொண்டபின் யோசித்துப் பார்த்தோம். பிள்ளைகளுக்குப் பயன்படுவதைவிட, எங்களைப் போன்ற பெரியவர்களுக்கே சொல்ல வேண்டியவை அதிகம் இருப்பதாகத் தோன்றியது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சங்கத்தை ஆரம்பித்த பெண்களின் காலத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். அப்போது தமிழ்ப் பாடசாலையில் படிக்கக் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் இருந்தது. அரசாங்க உத்தியோகமும், மருத்துவமும், சட்டமும், உயர்கல்வியும் ஆங்கிலத்தின் கையிலேயே இருந்தன. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921இல் தொடங்கியிருந்தாலும், அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சையை. கட்டணம் கட்டக்கூடிய வீட்டில் பிறந்த பிள்ளைக்கே அந்தப் பாதை திறந்திருந்தது. அந்த வீட்டிலும் மகனா மகளா என்று வந்தால் பெரும்பாலும் மகனுக்கே கட்டணம் கட்டப்பட்டது. எங்கள் பாட்டிமார் பலர் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் புத்திக் குறைவு அல்ல.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதே ஆண்டு கல்வி அமைச்சரானவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. வாக்குப் போடத் தெரிந்த மக்களுக்குப் படிக்கவும் வழி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளியானது. அரசாங்க சபையில் நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் 1945 ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்ற நிலை வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் மூலம் ஏழைப் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்தார்கள்.

உதவி பெறும் பாடசாலைகளுக்கு அந்தத் திட்டத்தில் சேர்வதா விடுவதா என்ற தெரிவு கொடுக்கப்பட்டது. உடனே சேர்ந்தவையும் உண்டு, தயங்கி நின்றவையும் உண்டு. கட்டணம் இல்லாவிட்டால் தரம் போய்விடும், யார் யாரோ வந்து சேர்ந்துவிடுவார்கள் என்ற பேச்சு எங்கள் ஊர்களிலும் இருந்ததாக எங்கள் தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த “யார் யாரோ” என்பதில் எங்கள் தாய்மாரும் அடங்கியிருந்தார்கள். எங்கள் ஏழு பேரில் ஐந்து பேரின் தாய்மார் இந்தப் பாடசாலைக்குள் காலடி வைத்தது கட்டணம் நீங்கிய பிறகுதான். ஆகவே இலவசக் கல்வி எங்களுக்குச் சரித்திரப் பாடம் அல்ல. அது எங்கள் வீட்டு விஷயம்.

இனி எங்கள் காலத்துக்கு வருவோம். பள்ளிக்கூடத்துக்குள் நுழையக் காசு வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகக் கதவு அதே அளவில்தான் இருந்தது. தாய்மொழியில் படித்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள், இடங்கள் பெருகவில்லை. இடம் போதாவிட்டால் அதனைப் பங்கிடுவதில் சண்டை வரும். எங்கள் நாட்டில் அந்தச் சண்டை இனத்தின் பெயரால் வந்தது.

1971 அனுமதியில் தமிழ்மொழி மூல மாணவருக்கும் சிங்களமொழி மூல மாணவருக்கும் வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டது. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலத்தவர் 250 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலத்தவருக்கு 227 போதுமானதாக இருந்தது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. மாவட்டத்தின் சனத்தொகை விகிதப்படி இடங்கள் என்றார்கள். 1971 குடிசன மதிப்பின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் இருந்தார்கள். அது நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ 5.5 வீதம். எங்கள் பங்கும் அவ்வளவுதான் என்று ஆயிற்று. 1960களின் முடிவில் பொறியியல் பீடத்தில் ஏறத்தாழ அரைவாசியாக இருந்த தமிழ் மாணவர் தொகை, 1974இல் ஏறத்தாழ ஆறில் ஒன்றாகக் குறைந்தது.

அந்த ஆண்டு பெறுபேறு வந்த நாளை நாங்கள் மறக்கவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளின் புள்ளிக் கணக்கைப் பார்த்து, மருத்துவம் நிச்சயம் என்று ஆசிரியர்கள் கைகொடுத்து வாழ்த்திய பிள்ளைகள் எங்கள் வகுப்பில் மூவர் இருந்தார்கள். மூவருக்கும் கிடைக்கவில்லை. இருபத்துமூன்று பேரில் பல்கலைக்கழகம் போனவர்கள் நால்வர்.

பொடியன்மாருக்கு நடந்ததைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். அதன் விளைவாக அரசியலில் என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும். பெண் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை. அதனை இன்று சொல்கிறோம்.

மருத்துவம் கிடைக்காத அந்த மூவரில் ஒருத்திக்கு ஒரு வயது மூத்த அண்ணன் இருந்தான். அவனுக்கும் இடம் கிடைக்கவில்லை. தகப்பனார் காணியை ஈடு வைத்து அவனை லண்டனுக்கு அனுப்பினார். இரண்டு பேரையும் அனுப்ப அந்தக் காணி காணாது. தங்கையின் புள்ளிகள் அண்ணனின் புள்ளிகளைவிட அதிகம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போய், முப்பத்துநான்கு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தாள். அவளிடம் படித்தவர்களில் பலர் இன்று மருத்துவர்கள். இந்த உரையை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. “கவலை இல்லை என்று எழுத வேண்டாம். கவலை இருந்தது என்றே எழுதுங்கள்” என்று அவளே சொன்னாள்.

ஆக, நாங்கள் அனுபவத்தில் படித்த பாடம் இதுதான்: அரசாங்கம் தரும் இடம் குறைந்து, குடும்பத்தின் காசைக் கொண்டு படிக்க வேண்டிய நிலை வரும்போது, முதலில் வெளியே நிற்பவள் பெண் பிள்ளை. இந்தப் பாடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைய நிலைமையையும் பார்க்கிறோம்.

ஆனால் நியாயமாகப் பேசுவதென்றால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மொழியை வைத்துப் புள்ளியைக் கூட்டிக் குறைத்தது அநீதி. அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. மாவட்ட ஒதுக்கீடு அப்படி அல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் அதனால் இழந்தது உண்மை. மன்னாரிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையிலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குப் போனதும் அதனால்தான். அந்தப் பிள்ளையும் தமிழ் பேசும் பிள்ளையே. எங்களில் ஒருவர் பின்னாளில் வன்னியில் படிப்பிக்கப் போனபோதுதான் இதனை விளங்கிக்கொண்டார். “நாங்கள் கெட்டிக்காரர், அதனால் எடுபட்டோம்” என்று நினைத்துக்கொண்டிருந்தோம், “எங்களுக்கு நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியர்களும் இருந்தார்கள், அதனாலும் எடுபட்டோம்” என்பது அங்கே தெரிந்தது என்றார். மலையகத்தில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களின் பிற்பகுதியில்தான். நாங்கள் இடம் கிடைக்கவில்லை என்று அழுதபோது, அங்கே உயர்தரம் என்ற ஒன்றைக் கண்ணால் காணாத பிள்ளைகள் இருந்தார்கள்.

1977இன் பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. 1970களின் இறுதியில் திறமைக்கு 30, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15 என்ற வீதத்தில் பங்கீடு அமைந்தது. இன்று அது 40, 55, 5 என்று இருக்கிறது. 2001 முதல் இசட் புள்ளி முறை நடைமுறையில் உள்ளது. பிள்ளைகள் இதனைக் கவனிக்க வேண்டும்: அந்த 5 வீதத்துக்கு உரியவை என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பட்டியலிடும் 16 மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. எங்கள் காலத்தில் முன்னேறிய மாவட்டம் என்று வெட்டப்பட்டோம். இன்று பின்தங்கிய மாவட்டம் என்று ஒதுக்கீடு பெறுகிறோம். இடையில் நடந்தது முப்பது வருட யுத்தம். ஜாம் போத்தலில் திரி போட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தங்கைமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். 1995 இடப்பெயர்வில் புத்தகப் பையோடு தென்மராட்சிக்கு நடந்தவர்களும் இருக்கிறீர்கள். அந்தக் கதையை நீங்கள்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்வது பொருத்தமல்ல.

எங்கள் காலத்தில் நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1974 ஒக்ரோபரில் திருநெல்வேலியில், பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். தமிழருக்கான பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமைய வேண்டும் என்று நெடுங்காலம் விவாதம் நடந்திருந்ததால், அதன் திறப்பையே எதிர்த்தவர்கள் பலர். எங்கள் வீடுகளிலும் வாக்குவாதம் நடந்தது. ஆனால் கண்டிக்கும் கொழும்புக்கும் பெண் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று நின்ற தகப்பன்மார், சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கம்பஸ் இருந்தபோது மறுக்கவில்லை. பின்னர் 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்து, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. 1990களில் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் ஆரம்பமானது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. பல்கலைக்கழகம் வீட்டுக்குக் கிட்ட வந்தால் பெண் பிள்ளை உள்ளே போவாள். இன்று நாட்டின் அரச பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி பெறுவோரில் 60 வீதத்துக்கு மேற்பட்டோர் பெண்கள். பொறியியலில் மட்டும் இன்னும் நாம் சிறுபான்மையே.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? இல்லை. அண்மைய ஆண்டுகளில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். உள்ளே எடுபடுவோர் ஏறத்தாழ 45,000. தகுதி பெற்ற மூவரில் இருவர் வெளியே நிற்கிறார்கள். பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, மீள்திருத்தம் முடிந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, உள்ளே போக ஒன்றரை இரண்டு வருடம் கழிந்துவிடுகிறது. அந்தக் காத்திருப்பில் எத்தனை பெண் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் அடிப்படைக் காரணம் காசு. தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆதரித்தவர்களும் திட்டியவர்களும் இருந்தார்கள். அதன் பின் வந்த எந்த அரசாங்கமும் அந்த 6 வீதத்துக்குக் கிட்டவும் போகவில்லை. 2 வீதத்தைச் சுற்றியும் அதற்குக் கீழேயும்தான் ஒதுக்கீடு நிற்கிறது. 2022 நெருக்கடியில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டதைப் பத்திரிகைகளில் பார்த்தோம். அதே காலத்தில் விரிவுரையாளர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் சொந்தப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள்.

இடம் கிடைக்காதவர்களுக்குத் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. பெரும்பாலானவை கொழும்பிலும் அதனைச் சுற்றியும் இருக்கின்றன. 2017இல் அரசாங்கம் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் கடனை எடுக்கப் பிணையாளி வேண்டும், கொழும்பில் தங்கக் காசு வேண்டும். இங்கேதான் அந்த லண்டன் அண்ணனின் கதை திரும்ப வருகிறது. காணி ஒன்றுதான் இருக்கிறது என்றால் யாருக்காக ஈடு வைப்பார்கள்? ஐம்பது வருடத்தில் காலம் மாறியிருக்கிறது, நாங்கள் மறுக்கவில்லை. எல்லா வீட்டிலும் மாறிவிட்டது என்று சொல்ல எங்களால் முடியாது.

சரி, இடம் கிடைத்த பிள்ளையின் நிலையைப் பார்ப்போம். போன வருடம் இந்தப் பாடசாலையிலிருந்து தூர இடத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போன பிள்ளை ஒருத்தியோடு இருந்து கணக்குப் போட்டோம். தகப்பன் இல்லை. தாய் தையல் வேலை செய்கிறார். பல்கலைக்கழகக் கட்டணம் இல்லை, உண்மை. விடுதி எல்லா வருடமும் கிடைக்காது. வெளியே அறை எடுத்தால் மாதம் எட்டாயிரம். சாப்பாட்டை எவ்வளவு சுருக்கினாலும் பதினெட்டாயிரம். பஸ், பிரதி எடுக்கும் காசு, தொலைபேசித் தரவு எல்லாம் சேர்ந்து மாதம் முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. மடிகணினி இல்லாமல் ஒரு ஒப்படையும் செய்ய முடியாது. மகாபொல உதவித்தொகை பல வருடமாக மாதம் 5,000 ரூபாவாக இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கப்பட்டது. கூட்டியதற்கு நன்றி. ஆனால் முதல் கொடுப்பனவு கைக்கு வருமுன் பிள்ளை மாதக்கணக்கில் சமாளிக்க வேண்டும்.

அந்தப் பிள்ளை எங்களிடம் சொன்னது இதுதான்: “ரீச்சர், படிப்பு விளங்குது. பின்னேரம் பசியோட ஆங்கிலத்தில விரிவுரை கேட்கிறதுதான் கஷ்டம்.” முதல் தவணையில் படிப்பை விட்டுவிட்டு வர யோசித்ததாகவும் சொன்னாள். உடுப்புக்கடையில் வேலை கேட்டும் வைத்திருந்தாள். பழைய மாணவி ஒருவர் தற்செயலாகக் கேள்விப்பட்டு உதவியதால் தொடர்ந்து படிக்கிறாள். தற்செயலாக என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நாங்கள் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறோம். கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தைக் குறை சொல்லும் நாம், நமது பங்கையும் பார்க்க வேண்டும். முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையில் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கென்று 25 வீதம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சங்க அங்கத்துவத்துக்கும் புள்ளி உண்டு. சனவரி மாதத்தில் மட்டும் நமது சங்கத்தின் அங்கத்தவர் தொகை ஏன் கூடுகிறது என்று பொருளாளரைக் கேளுங்கள். இலவசக் கல்வி “யார் யாரோ” வந்து சேர வழிவிட்டது. அந்த “யார் யாரோ” இன்று நாமாகி, நமக்குப் பின்னால் படலையைச் சாத்துகிறோமோ என்ற கேள்வி எங்களுக்குள் எழுந்தது. வசதிகள் கட்டணம், வகுப்பறைக்குத் திரைச்சீலை, ஒலிபெருக்கி, ஆசிரியர் தின அன்பளிப்பு என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்கப்படும் காசு சிறிய தொகைதான். கொடுக்க முடியாத பிள்ளைக்கு அது சிறியதல்ல. எங்கள் காலத்திலும் கேட்டார்கள். காசு கொண்டுவராத பிள்ளையை எழும்பி நிற்கச் சொன்ன நாள் ஒன்றை எங்கள் எழுவரில் ஒருவர் அறுபது வருடமாக மறக்கவில்லை.

நூற்றாண்டு நிதியாக நமது சங்கத்திடம் நல்ல தொகை ஒன்று சேர்ந்திருக்கிறது. லண்டன், ரொறன்ரோ, சிட்னிக் கிளைகள் மனமாரத் தந்திருக்கின்றன. வீதி முகப்பில் நினைவு வளைவு ஒன்று கட்டி, கொடையாளரின் பெயர்களைக் கல்லில் பொறிப்பது என்று நிர்வாகக் குழுவில் பேசப்படுகிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும். எங்கள் பெயர்களும் அதில் வரும். ஆனாலும் நாங்கள் ஏழு பேரும் கேட்பது, அந்தக் கல்லை நிறுத்திவிட்டு, காசைப் பல்கலைக்கழக உதவி நிதியாக வைப்பிலிடுங்கள் என்பதே. அதன் வட்டியிலிருந்து பிள்ளைகளுக்கு மாதாந்தம் கொடுக்கலாம்.

எப்படிக் கொடுப்பது என்பதையும் யோசித்தோம். அனுமதிக் கடிதம் கிடைத்த மாதத்திலிருந்தே கொடுக்க வேண்டும். மகாபொல வரும்வரை இருக்கும் அந்த முதல் சில மாதங்களில்தான் பிள்ளை திரும்பி வருகிறாள். அடுத்து, மருத்துவமும் பொறியியலும் மட்டும் உயர்கல்வி என்று எண்ணக்கூடாது. கலைப்பிரிவுப் பிள்ளைக்கும், உயர் தொழினுட்ப நிறுவகத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கும் பிள்ளைக்கும், வேலை செய்துகொண்டு திறந்த பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும். தகுதி பெற்றும் வெளியே நிற்கும் அந்த மூவரில் இருவர் போகும் வழிகள் அவைதான். உயர்தரம் முடித்துக் காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலமும் கணினியும் இங்கேயே சனி ஞாயிறு நாட்களில் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு எங்களில் நால்வர் தயார். சம்பளம் வேண்டாம், ஓட்டோக் காசும் வேண்டாம்.

இன்னொன்று. நிதியில் ஒரு பங்கு எங்கள் பாடசாலையில் படிக்காத பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்று விரும்புகிறோம். முல்லைத்தீவிலும், மன்னாரிலும், மலையகத்திலும் ஒரு பழைய மாணவிகள் சங்கமே இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன. அங்கிருந்து எடுபடும் பிள்ளைக்குக் கல்லில் பெயர் பொறிக்க லண்டனில் யாரும் இல்லை. இதனைச் சிலர் ஏற்கமாட்டீர்கள் என்று தெரியும். எங்கள் எழுவரிலும் ஒருவர் ஏற்கவில்லை. அரைவாசியா காற்பங்கா என்று இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. பொதுக்கூட்டத்தில் நீங்கள் தீர்மானியுங்கள்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை, நாம் செய்தால் அரசாங்கம் கையைக் கழுவிவிடும் என்று ஒரு தங்கை எங்களிடம் சொன்னார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நமது நிதி எத்தனை பிள்ளைகளுக்குக் காணும்? வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு பேர். வெளியே நிற்பவர்கள் ஓர் இலட்சம் பேர். தருமத்தால் நிரப்பக்கூடிய பள்ளம் அல்ல அது. ஆகவே கொடுக்கும் கையோடு கேட்கும் வாயும் வேண்டும். விடுதி எல்லா வருடமும் வேண்டும், உதவித்தொகை முதல் மாதமே வேண்டும், அது விலைவாசியோடு கூட வேண்டும் என்று நூறு வருடச் சங்கம் ஒன்று எழுத்தில் கேட்டால் ஒரு அமைச்சராவது பதில் எழுதத்தான் வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் வீதியைப் பற்றிக் கேட்கிறோம், இதைப் பற்றியும் கேட்போம். 1931இல் நம் பாட்டிமாருக்குக் கிடைத்த வாக்குரிமையின் பின்னால்தான் 1945இன் இலவசக் கல்வி வந்தது.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. வெட்டுப்புள்ளியைத் தொடாவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர் அல்ல என்று ஆகிவிடாது. இடம் இல்லை என்பது மட்டுமே அதன் அர்த்தம். எங்கள் வகுப்பில் பத்தொன்பது பேர் அப்படித்தான் நின்றோம். ஆனால் அதனை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். நாங்கள் பேசாமல் இருந்தோம். அண்ணனுக்குக் காணி போனபோது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிடைத்திருக்குமோ தெரியாது. கேட்கவில்லையே என்ற கவலையாவது இருந்திருக்காது.

இன்று மாலை பொதுக்கூட்டத்தில் நினைவு வளைவா உதவி நிதியா என்ற பிரேரணை வருகிறது. எங்கள் ஏழு பேரின் கையும் உதவி நிதிக்கே உயரும். வெளிநாட்டில் இருக்கும் இருவர் கடிதம் மூலம் தங்கள் விருப்பத்தை அனுப்பியிருக்கிறார்கள். மற்ற ஐந்து பேரும் பின்வரிசையில் இருப்போம். முழங்கால் வலியால் எழும்ப நேரமாகலாம், எண்ணும்போது கொஞ்சம் பொறுத்து எண்ணுங்கள்.